ஜூம் அக்காவும் வரப்பு முனைக் கல்லும்

மேலே இருந்து எல்லாவற்றையும் பார்ப்பவர்கள் இரண்டே பேர். ஒருவர் கடவுள், இன்னொருவர் ஜூம் அக்கா. கடவுளாவது பார்த்ததை வெளியே சொல்ல மாட்டார். ஜூம் அக்கா பார்த்த கையோடு ஆபீஸ் முழுக்கக் கேட்கிற மாதிரி சொல்லிவிட்டுத்தான் அடுத்த வீட்டுக்குப் போவார்.

வில்லியனூரில் ஒரு உரக்கடைக்கு மேல்மாடியில் எங்கள் ஆபீஸ் இருந்தது. சுற்றுப்பட்ட ஊர்களின் மேல் ட்ரோன் பறந்து எடுத்த படங்கள் எங்களுக்கு வரும். அவற்றைக் கம்ப்யூட்டரில் ஒன்றோடொன்று ஒட்டி, அதன் மேல் வீடு, குளம், வாய்க்கால், வரப்பு என்று ஒவ்வொன்றையும் சுற்றி மவுஸால் கோடு இழுத்து வரைபடமாக்க வேண்டும். கேட்பதற்கு விஞ்ஞானம் மாதிரி இருக்கும். உட்கார்ந்து பார்த்தால் கோலம் போடுகிற வேலைதான். புள்ளி வைத்து, இழுத்து, தொடங்கின இடத்திலேயே கொண்டுவந்து மூட வேண்டும். மூடாமல் விட்டால் அது வீடு என்பதைக் கம்ப்யூட்டர் ஒப்புக்கொள்ளாது.

இந்த வேலையில் நான் கெட்டிக்காரன். இதை நானே சொல்ல வேண்டியிருக்கிறது என்பதுதான் என் வருத்தம். மத்தியானச் சாப்பாட்டுக்குள் ஒரு தெருவையே வரைந்து முடித்துவிடுவேன். கோணல் இருக்காது, விடுபடல் இருக்காது. ஆனால் என் நாற்காலிக்குப் பின்னால் யாரும் வந்து நின்றதில்லை. வந்தவர்களும் போன் சார்ஜரைச் சொருக வந்தவர்கள்.

ஜூம் அக்கா ஒரு நாளைக்கு நாலு வீடு வரைந்தால் அதிகம். நாற்பது வயது தாண்டியவர், சோரியாங்குப்பத்துக்காரர், கழுத்தில் கயிறு கட்டிய மூக்குக்கண்ணாடி. படத்தைப் பெரிதாக்குவது என்று தொடங்கினால் ஓட்டு வீடு ஓடாகி, ஓடு கட்டம் கட்டமாகச் சிதறி, கடைசியில் திரை முழுக்க ஒரே செம்மண் நிறமாக நிற்கும் வரைக்கும் மவுஸ் சக்கரத்தை உருட்டிக்கொண்டே இருப்பார். அதற்கு மேலும் உருட்டுவார். அவர் உருட்டித் தேய்த்த மவுஸ்களை எனக்குத் தள்ளிவிட்டு, அவருக்கு மேனேஜர் புது மவுஸ் வாங்கிக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

வீட்டைச் சுற்றிக் கோடு போடு என்றால் அக்கா வீட்டுக்குள்ளேயே போய்விடுவார். இந்த மொட்டைமாடியில் வடாம் காய்கிறது, அந்த மாடியில் கட்டில் கிடக்கிறது, மருமகள் வந்த பிறகு மாமனாரை மாடிக்கு அனுப்பிவிட்டார்கள் போல. இப்படிக் கதை ஓட ஓட, மொத்த ஆபீஸும் டீ டம்ளரோடு அவர் நாற்காலிக்குப் பின்னால் நிற்கும். அவர் சொல்வதில் பாதி தப்பு. ஒருமுறை மூன்று பேர் உட்கார்ந்து சண்டை போடுகிறார்கள் என்று சொன்னார். நான் எழுந்து போய்ப் பார்த்தேன். மூன்று வைக்கோல் போர். அதைச் சொன்னதற்கு என்னைத்தான் எல்லாரும் முறைத்தார்கள்.

சாஸ்திரம் வேறு நிறைய உண்டு. கூரை இல்லாத கீற்று மறைப்புக் குளியலறை படத்தில் வந்துவிட்டால் திரையைக் கையால் பொத்திக்கொண்டு, “ஆம்பளைங்கல்லாம் அந்தாண்ட திரும்புங்கபா” என்பார். உள்ளே யாரும் இல்லை என்று அவர் மட்டும் விரலிடுக்கில் பார்த்து உறுதி செய்த பிறகுதான் எங்களுக்கு அனுமதி. மாதா கோயில் வந்தால் மேசைக்குக் கீழே செருப்பைக் கழற்றுவார். கோயிலை எப்போதும் வலமாகத்தான் சுற்றி வரைவார். அவசரத்தில் நான் ஒரு மாரியம்மன் கோயிலை இடமாகச் சுற்றி வரைந்துவிட்டேன். அழித்துவிட்டு மறுபடியும் போட வைத்தார். அன்றைக்குச் சாயங்காலம் மேனேஜருக்கு வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை, அதற்கும் நான்தான் காரணம் என்று முடிவானது.

இந்த நிலையில் மேனேஜர் ஒருநாள் எல்லாரையும் கூப்பிட்டு ஒரு செய்தி சொன்னார். வேலை முடிந்ததும் மொத்த வட்டாரத்தையும் ஒரே பெரிய வரைபடமாக அச்சடித்து, கண்ணாடி போட்டு, எங்களுக்கு வேலை கொடுத்த ஆபீஸின் கூடத்தில் மாட்டப் போகிறார்கள். கீழ் மூலையில் ‘வரைந்தவர்’ என்று ஒரே ஒரு பெயர் வரும்.

அந்தப் பெயர் எனக்கு வேண்டும். காரணம் என் அப்பா. அபிஷேகப்பாக்கத்தில் நெல் பயிரிடுகிறவர். காலில் சேறு படாமல் நிலத்தைப் பற்றி ஒரு உத்தியோகம் இருக்கிறது என்பதை அவர் நம்பத் தயாராக இல்லை. பையன் என்ன செய்கிறான் என்று யாராவது கேட்டால், “கம்ப்யூட்டர்ல கோடு போடறான்” என்பார். எதற்கு என்று கேட்டால், “அது அவனுக்கே தெர்ல” என்பார். வாய்க்கால் தூர் வாரச் சொல்லி அந்த ஆபீஸுக்கு அடிக்கடி நடக்கிறவர் அவர். என்றைக்காவது கூடத்தில் காத்திருக்கும்போது சுவரைப் பார்ப்பார், மூலையில் மகன் பெயரைப் பார்ப்பார். நான் கேட்டது அவ்வளவுதான்.

வேலைக் கணக்கில் பார்த்தால் எனக்குப் போட்டியே கிடையாது. ஆனால் எங்கள் ஆபீஸில் வேலையை யார் கணக்கில் எடுத்தார்கள்? எங்கள் யூனியன் பிரதேசம் முடிந்து, சோரியாங்குப்பத்துக்குக் கொஞ்சம் தள்ளித் தமிழ்நாட்டு எல்லை. ட்ரோனுக்கு அந்த எல்லை எல்லாம் தெரியாது, இரண்டு பக்கத்தையும் சேர்த்தே படம் எடுத்துவிடும். அந்தப் பக்கத்தை விட்டுவிட்டு நம் பக்கத்தை மட்டும் வரைய வேண்டும் என்பது எங்களுக்குச் சொன்ன முதல் பாடம். அக்காவின் தங்கையைக் கட்டிக்கொடுத்த வீடு எல்லைக்கு அந்தப் பக்கம். அக்கா அதையும் வரைந்து வைத்திருந்தார்.

“அக்கா, இது நம்ம பக்கமே இல்ல. தமிழ்நாடு” என்றேன்.

“பொண்ணு குடுத்த வூடு தம்பி. கோடு போட்டு வெளிய தள்ளச் சொல்றியா?”

சாயங்காலம் போகும்போது நான் அந்த வீட்டை அழித்துவிட்டுப் போவேன். காலையில் வந்து பார்த்தால் வீடு நிற்கும். ஒருமுறை கூடவே ஒரு மாட்டுக்கொட்டகையும் முளைத்திருந்தது. மேனேஜரிடம் புகார் செய்தேன். “ஒரு வூடுதானப்பா, வுடு. அந்தம்மா கண்ணு கலங்குது” என்றார். நான் ஒரு கிணற்றைக் கொஞ்சம் சதுரமாகப் போட்டதற்கு அரைமணி நேரம் கத்திய அதே மேனேஜர்.

அக்காவின் புகழ் ஊர்களுக்குப் பரவியது. போன் வரத் தொடங்கியது. மதகடிப்பட்டிலிருந்து ஒரு அம்மா, ஆட்டுக்குட்டி காணாமல் போய்விட்டது, மேலிருந்து தெரிகிறதா என்று கேட்டார். இது ஏற்கெனவே எடுத்து வைத்த படம், இப்போது நடப்பது இதில் தெரியாது என்று சொல்லி வைப்பதுதான் முறை. அக்கா படத்தைத் திறந்து தேடு தேடு என்று தேடினார். “ஆடு கீதுமா, நல்லாதான் மேயுது. ஆனா இது போன பங்குனி” என்றார். அந்த அம்மா அதற்கே மனம் நிறைந்து வாழ்த்திவிட்டு வைத்தார். மூன்று கிராமத்தின் வாய்க்காலை நான் ஒரு வாரம் கண் எரிய எரிய வரைந்து முடித்திருந்தேன். வாய்க்காலில் ஓடும் தண்ணீர்கூட என்னை வாழ்த்தவில்லை.

இதையெல்லாம் பொறுத்துக்கொண்டேன். ஆனால் ஒரு நாள் என் அப்பா கீழே உரக்கடைக்கு யூரியா வாங்க வந்தவர், பையன் வேலை செய்கிற இடத்தைப் பார்க்கலாம் என்று மாடியேறி வந்துவிட்டார்.

அவசரமாக நாற்காலி போட்டு உட்கார வைத்தேன். இருப்பதிலேயே நான் அழகாக வரைந்த பகுதியைத் திறந்து காட்டினேன். டாக்டர் காட்டுகிற எக்ஸ்ரேயைப் பார்க்கிற மாதிரி அப்பா மரியாதையாகப் பார்த்தார். “ம்” என்றார். கொஞ்ச நேரம் கழித்து, “யூரியா வெயில்ல கீது” என்று எழுந்தார்.

அப்போதுதான் பக்கத்து மேசையிலிருந்து குரல் வந்தது. “பெரிப்பா, எந்த ஊரு நீங்க?”

அடுத்த நிமிடம் அப்பா அங்கே உட்கார்ந்திருந்தார். அக்கா அபிஷேகப்பாக்கத்தைத் திறந்தார். அதுவும் நான் வரைந்து முடித்த பகுதிதான். அக்கா என் கோடுகளை எல்லாம் மறைத்துவிட்டு வெறும் படத்தை மட்டும் வைத்துக்கொண்டார். ஏரியில் தொடங்கி, கோயிலை வலமாகச் சுற்றி, தெருவில் இறங்கி, மெதுவாக அப்பாவை நடத்திக் கூட்டிப் போனார். “தோ, அந்தப் பம்புசெட்டுக்கு இந்தாண்ட. அதான் நம்ம கொல்லி” என்று அப்பா எங்கள் வயல் மேல் விரல் வைத்தார். என்னிடம் ஒரு “ம்” சொன்ன மனிதர், அவரிடம் ஒவ்வொரு வரப்புக்கும் வரலாறு சொன்னார். ஆபீஸ் டீ டம்ளரோடு பின்னால் வந்து நின்றது.

வயலின் முனைக்கு வந்ததும் அக்கா நிறுத்தினார். வரப்பில் வெள்ளையாக ஒரு சின்னப் புள்ளி. கண்ணாடியை மாட்டிக்கொண்டு, என் கோடுகளைத் திரும்ப வரவழைத்தார். அந்தப் புள்ளியின் மேல் நான் ஒரு முக்கோணக் குறி போட்டிருந்தேன்.

“தம்பி, இது இன்னா?”

“எல்லைக்கல்லுக்கா.”

அக்கா சக்கரத்தை உருட்டினார். புள்ளி கட்டம் கட்டமாகச் சிதறியது. வெள்ளையாக நாலைந்து கட்டம், பக்கத்தில் கறுப்பாக நீளமாக ஒரு நிழல், அதன் முனையில் குறுக்கே ஒரு துண்டு.

“கல்லுக்கு ஏன் தம்பி மமுட்டி நெழலு விழுது?” என்றார்.

அப்பா திரைக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோனார். அந்த மண்வெட்டி நிழலை விரலால் தடவிப் பார்த்தார். பிறகு, “அன்னிக்கு மேல வண்டு மாரி ஒன்னு கத்திக்கினே போச்சி. மமுட்டியத் தோள்ல வெச்சினு பாத்துனே நின்னேன்” என்றார். என் பக்கம் திரும்பி, “என்னக் கல்லுனா போட்டு வெச்சிகிற?” என்றார்.

கேட்டுவிட்டுச் சிரித்தார். என் அப்பா சிரிப்பது அபூர்வம். அவர் அக்காவைப் பார்த்துச் சிரிக்க, அக்கா அவரைப் பார்த்துச் சிரிக்க, பின்னால் நின்றவர்கள் டீயைச் சிந்திக்கொண்டு சிரித்தார்கள். எனக்கு வந்த பொறாமைக்கு அளவே இல்லை. வைக்கோல் போரை எல்லாம் மனுஷன் என்று சொல்லித் திரிந்த ஒருவர், இந்த ஒரு இடத்தில் சரியாகச் சொல்ல வேண்டுமா? அதுவும் என் அப்பாவைப் பார்த்தா? பெற்ற அப்பாவை நான் கல் என்று போட்டிருக்கிறேன், அதுவரை அவரைப் பார்த்தே இராத ஒருவர் ஆள் என்று கண்டுபிடித்தார். அந்த ஒரு குறியை அழித்துவிடலாம் என்று கீபோர்டுக்குக் கையைக் கொண்டுபோனேன். அப்பா தடுத்துவிட்டார். “இருக்கட்டும் வுடு. நான் எங்க போவப் போறேன்?”

அன்றிலிருந்து அப்பா என் எண்ணுக்குத்தான் போன் செய்வார். நான் எடுத்ததும், “பாப்பா கிட்ட குடு” என்பார். நாற்பது தாண்டிய அக்காதான் அவருக்குப் பாப்பா. மழை பெய்த மறுநாள் ஏரி நிரம்பியிருக்கிறதா என்று அக்காவிடம் கேட்பார். அக்கா அந்தப் பழைய படத்தைத் திறந்து பார்த்து, நிரம்பி வழிகிறது பெரிப்பா என்பார். ஏரி நூறடி நடந்தால் வருகிற தூரத்தில் இருக்கிறது. அப்பா அதைப் போய்ப் பார்க்க மாட்டார், அக்கா சொல்வதைக் கேட்டுத் திருப்தியாகிவிடுவார்.

இவ்வளவு செல்வாக்கு இருக்கிறவருக்குத்தான் மூலையில் பெயரும் போகும் என்று நான் மனதைத் தேற்றிக்கொள்ளத் தொடங்கியிருந்தேன். ஆனால் கடைசி நாள் மேனேஜர் யாரிடமும் கேட்காமல், முக்கால்வாசி வரைந்தது நீதானே என்று என் பெயரை அடிக்கச் சொல்லிவிட்டார். நான் ஜூம் அக்காவைத்தான் முதலில் பார்த்தேன். முகம் கொஞ்சமாவது சுருங்கும் என்று எதிர்பார்த்தேன், அதைப் பார்க்க ஆசையாகவும் இருந்தது. அக்கா கையைத் தட்டினார். எழுந்து வந்து என் தலையைக் கலைத்துவிட்டார். அந்த அம்மாவுக்குப் பொறாமைப்படவே வராது. அதைப் பார்த்து எனக்கு இன்னும் வயிறு எரிந்தது.

சரி, அப்பாவிடம் சொல்லும் சந்தோஷமாவது என்னுடையது என்று வழியெல்லாம் எப்படிச் சொல்வது என்று ஒத்திகை பார்த்துக்கொண்டே வீட்டுக்குப் போனேன். வாசலிலேயே அப்பா, “உம் பேரு வருதாமே. பாப்பா போன் பண்ணிச்சி” என்றார். அதற்குள் தெரு முழுக்கச் சொல்லியாயிற்று.

வரைபடம் மாட்டிய அன்று அப்பா சலவை வேட்டி கட்டி, கூட்டாளிகள் சிலரையும் கூட்டி வந்திருந்தார். அக்கா சோரியாங்குப்பத்து உறவுகளோடு வந்தார், தங்கையும் கூட. வந்த தங்கைக்கு எல்லைக்கோட்டுக்கு வெளியே, ஆளில்லாத வெள்ளையில், தனியாக நிற்கிற ஒரு வீட்டைக் காட்டினார்கள். அப்பா யாரையும் விடாமல் இழுத்து வந்து, எறும்பு அளவு முக்கோணம் ஒன்றின் மேல் விரலை வைத்து, “தோ, இது நானு” என்றார். ஒருவர் விடாமல் குனிந்து பார்த்தார்கள்.

கீழ் மூலையை யாரும் பார்க்கவில்லை. நான் அதன் பக்கத்திலேயே காவல்காரன் மாதிரி நின்றுகொண்டிருந்தேன். பார்வையாளர்கள் உட்கார ஒரு பெஞ்சை வேறு அங்கேயே போட்டிருந்தார்கள், என் பெயருக்கு நேராக ஒரு பெரியவர் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். இத்தனை நாள் காத்திருந்தது இதற்குத்தானா? கிளம்பிவிடலாம் என்று திரும்பினேன்.

“கொஞ்சம் எழுந்துருங்கயா” என்று ஜூம் அக்காவின் குரல் கேட்டது. பெரியவரை எழுப்பி, பெஞ்சை அவரே இழுத்துப் போட்டார். கூட்டத்தை மொத்தமாக மூலைக்கு வரவழைத்து, அப்பாவைக் கையைப் பிடித்து முன்னால் நிறுத்தினார். எழுத்து பொடியாக இருந்தது. அக்கா முட்டிபோட்டு உட்கார்ந்து மூக்குக்கண்ணாடியை மாட்டினார்.

“செவுத்துல இருக்கறத எப்டி பெருசாக்கறது? நானே படிக்கிறேன், கேளுங்க” என்றார்.

அப்பாவின் பெயரில் தொடங்கி, என் பெயரை ஒவ்வொரு எழுத்தாக, அவசரப்படாமல், கூடத்தின் கடைசி ஆள் வரைக்கும் கேட்கிற மாதிரி படித்தார். ஆபீஸில் அத்தனை நாளும் அவருக்கு நான் வெறும் தம்பிதான். அவர் வாயிலிருந்து என் பெயரை நான் கேட்டது அன்றுதான். அப்பா துண்டை எடுத்துத் தோளில் சரியாகப் போட்டுக்கொண்டு, பக்கத்திலிருந்தவரிடம், “எம் பையன்” என்றார்.

அந்த வேலை முடிந்ததும் அக்கா வேறு ஊருக்குப் போய்விட்டார். இப்போதும் எங்காவது பெயரைக் கேட்டால், ஜூம் அக்கா சொன்ன மாதிரி சொல்லிப் பார்க்கிறேன். என் சொந்தப் பெயர்தான். அவர் சொன்ன அழகு எனக்கு வரவே மாட்டேன் என்கிறது. அதற்கும் எனக்கு அவர் மேல் பொறாமைதான்.