சூரியனுக்கு ஓதிய கத்தம்

கொஞ்சம் படித்தவன் கையில் சாம்பிராணிச் சட்டியைக் கொடுக்கக் கூடாது. பட்டவன் சொல்கிறேன்.

எண்பதுகளின் தொடக்கம். சாய்ந்தமருதில் ஒரு பாடசாலைக்குப் புதிதாக வந்த விஞ்ஞான ஆசிரியர் நான். (கால் தரையில் படாத வயது.) விண்வெளியில் சுற்றும் செய்மதிகள் சூரிய ஒளியை நிறம் நிறமாகப் பிரித்து அளக்கின்றன என்று ரேடியோவில் கேட்டதிலிருந்து, பாடசாலைக் கண்காட்சியில் அதைக் காட்டியே தீருவது என்று நின்றேன். காரணம் விஞ்ஞானம் மட்டுமல்ல. நற்பிட்டிமுனையில் வயல் நிறைய வைத்திருந்த போடியார் ஒருவர் தன் மகள் ஹாஜராவுக்கு என்னை மாப்பிள்ளை கேட்டிருந்தார். என் மூளை எப்படி என்று பார்க்கக் கண்காட்சிக்கு வருகிறாராம். ஹாஜராவைக் கல்முனை பஸ்ஸில் ஒருமுறை பார்த்திருந்தேன். அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை.

உம்மாவின் சீலைகளால் யன்னல்களை மூடி, ஒரு துவாரத்தால் வந்த வெயிலைக் கண்ணாடி அரியத்தில் விழுத்தினேன். சுவரில் ஏழு நிறமும் வந்தன. மேலே பிஸ்கட் டின் செய்மதி. சூரிய ஒளியில் ஒரு பங்கைக் காற்று விழுங்கிவிடுவதால்தான் மேலே போய் அளக்கிறார்கள். அந்தக் காற்றைக் காட்டப் புகை வேண்டும். வீட்டுச் சாம்பிராணிச் சட்டி வந்தது. ஒரு சிட்டிகை போதும்; நான் ஒரு பிடி போட்டேன்.

நிறம் போனது, செய்மதி போனது, நானும் புகைக்குள் போனேன். வாசம் மட்டும் பாடசாலை முழுக்கப் பரவியது.

வந்தவர்கள் செருப்பைக் கழற்றினார்கள். தரையில் சம்மணம் கொட்டினார்கள். பெண்கள் முக்காட்டை இழுத்துவிட்டார்கள். கண்காட்சி பார்க்க வந்த பள்ளிவாசல் லெப்பை, இறந்தவருக்கு ஓதும் கத்தம்தான் இது என்று நம்பி, மையித்து யாரென்றும் கேட்காமல் ஓதவே தொடங்கிவிட்டார். ஓதும்போது குறுக்கே கதைக்க யாருக்குத் தைரியம்? நானும் கையேந்தி ஆமீன் சொன்னேன்.

புகைக்குள்ளிருந்து போடியாரின் குரல் வந்தது.

"ஆருட கத்தம் மகன்? எப்ப மௌத்து?"

"ஒருத்தரும் மௌத்தாகல்ல மாமா... இது சூரியன்..." (மாமாவாம்! பேச்சே இன்னும் முடியவில்லை.)

"யா அல்லாஹ்! சூரியனுக்கா ஓதின?"

"அப்ப கத்தச் சோறு இல்லியா?" என்றார் பின்னால் ஒருவர்.

கதவைத் திறந்துவிட்டேன். ஹாஜரா இனி எனக்கில்லை என்றே நினைத்தேன், கண்ணீர் வந்தது. (புகை என்று சொல்லிக்கொண்டேன்.) புகை கலையக் கலையச் சுவரில் நிறங்கள் திரும்பின. போடியார் இருமிக்கொண்டே அதைப் பார்த்தார்.

"இந்தப் புகைக்கு மேல ஏறினாத்தான் சூரியன்ட நெறம் முழுசாத் தெரியும். அதானே மகன்?"

"ஓம் மாமா."

"மூளை கிடக்கு. ஆனா, சாம்பிராணிச் சட்டி எங்கட புள்ளைட கையிலதான் இருக்கணும்."

அந்த நிபந்தனை இன்றும் அமுலில் இருக்கிறது. மாரியில் நாலு நாள் வெயிலைக் காணாவிட்டால், "அண்டைக்கு நீங்க ஓதினது இப்பதான் பலிச்சிருக்கு" என்பாள் ஹாஜரா. வெயில் எறித்ததும் முற்றத்திலிருந்து கூப்பிடுவாள்:

"இஞ்ச வாங்க, உங்கட மையித்து எழும்பிட்டு. நெல்லக் காயப்போடுங்க!"