சாம்பாரில் பல்லி, மூன்று ரூபாய்

அன்று கடையில் நான் இருந்தேன். என் சம்சாரம் அஞ்சலை இருந்தாள். ரேட்டு சார் இருந்தார். அவர் கையில் காலர் சிக்கிய திண்டிவனத்து ஆள் ஒருவன் இருந்தான். இட்லி தின்ன ஒருவரும் இல்லை.

எண்பதுகளில் ரேட்டு சாருக்குத் தெரியாமல் விழுப்புரத்தில் ஒரு நாய்கூடக் குரைத்ததில்லை. பத்திரிகை நிருபர். சேதி சொன்னால் கைமேல் காசு. லாரி கவிழ்ந்தால் மூன்று ரூபாய். திருட்டுக்கு இரண்டு. மந்திரி வந்தால் ஒன்றும் கிடையாது. "அத அவங்களே ஊரெல்லாம் சொல்லிக்கினு வருவாங்க" என்பார்.

பட்டுவாடா, பஸ் ஸ்டாண்டில் என் கடை பெஞ்சில். வயிற்றுப்புண்காரர். பால் மட்டும் குடிப்பார்.

"காசு குடுத்தா சேதி வராது சார், கதைதான் வரும்" என்பாள் அஞ்சலை.

"நீ இட்லிய சும்மாவா குடுக்கற?"

"இட்லி நான் ஊத்தனது. சேதிய அவன் ஊத்தக்கூடாதில்ல?"

ஒருநாள் பேப்பரில் வந்தது: பஸ் ஸ்டாண்டு இட்லிக்கடைச் சாம்பாரில் பல்லி. அங்கே இட்லிக்கடை என்னுடையது ஒன்றுதான்.

"நம்ம கடைன்னு தெரிஞ்சுமா போட்டீங்க?" என்றேன்.

"தெரிஞ்ச கடைன்னு நிறுத்தினா நான் நிருபரா?" என்றார்.

மாவு தினமும் சாக்கடைக்குப் போனது. பாத்திரத்தை விற்றுவிடலாம் என்றிருந்தேன். அப்போதுதான் ரேட்டு சாருக்கு அந்தச் சேதிமேல் சந்தேகம் வந்தது. திண்டிவனம் போய்த் தேடி, சேதி விற்றவனை இழுத்துவந்தார்.

"சொல்லுடா."

"ஊருக்குப் போவ பஸ்ஸுக்குக் காசில்லீங்க. சேதி சொன்னா சார் குடுப்பாருன்னாங்க. எனக்குச் சேதி ஒண்ணும் தெரியல, நானா ஒண்ணு சொல்லிட்டேன்."

"என்னக் கேட்டிருந்தா நானே குடுத்திருப்பனேடா, பேமானி!" என்றாள் அஞ்சலை.

மறுப்பு போட ஆபீசில் மறுத்துவிட்டார்கள். ரேட்டு சார் நடு பஸ் ஸ்டாண்டில் நின்று கத்தினார்: "இந்தக் கடையில பல்லி இல்ல! பல்லி இல்லவே இல்ல!"

கடைப்பக்கம் வந்த இரண்டு பேரும் திரும்பிப் போனார்கள்.

"அந்தப் பேர சொல்லாதீங்க சார், புண்ணியமாப் போவும்!" என்றாள் அஞ்சலை.

ரேட்டு சார் கடைக்கு வந்தார். பெஞ்சை வெளியே இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "வைம்மா. சாம்பார் ஊத்து."

"சார், உங்க வயிறு..."

"வயிறும் என்னுது, சேதியும் என்னுது. ஊத்து."

பஸ் ஜன்னல்களெல்லாம் பார்க்கத் தின்றார். பார்த்தவர்கள் நின்றார்கள். நின்றவர்கள் உட்கார்ந்தார்கள். மாவு தீர்ந்தது.

திண்டிவனத்தானுக்கு பஸ்ஸுக்குக் காசு கொடுத்தார். "இது சேதிக்கு இல்ல" என்றார்.

பிறகு இட்லிக் காசை அஞ்சலையிடம் நீட்டினார். அவள் வாங்கவில்லை. "நம்ம வூட்டு மனுசனுக்கு இன்னா சார் கணக்கு?" என்றாள்.

ஆனால் எண்ணியிருந்தாள்.

பதினேழு இட்லி.