அம்பாங் குளத்து வஞ்சிரம்

"போன வருசம் பிடிச்ச மீனையே இந்த வருசமும் பிடிச்சிருக்கீங்களே, அது எப்படிங்க?"

புஷ்பவல்லியின் குரல் நாலு வீடு தாண்டிக் கேட்டது. கிள்ளானில், மேரு சாலைப் பக்கத்து எங்கள் வரிசை வீடுகளில், சுவர் என்பது ஒரு மரியாதைக்குத்தான். ஞாயிற்றுக்கிழமை மதியம், எல்லார் வீட்டு அடுப்பும் அணைந்திருக்கும் நேரம். கேட்டவர்களைக் குறை சொல்ல முடியாது.

"அது சியாக்காப். இது கொடுவா," என்றார் சுகுமாறன், கையில் மீனைத் தூக்கிப் பிடித்தபடி. "சியாக்காப் சோம்பேறி. மாட்டினா சரின்னு கூடவே வந்துடும். கொடுவா அப்படியில்ல. அது யோசிக்கிற மீனு."

"ரெண்டுமே ஜெட்டித் தூண மூணு சுத்து சுத்துச்சு. ரெண்டுமே மூணாவது சுத்துல துள்ளினப்போ உங்க தொப்பி தண்ணியில விழுந்து போச்சு. மொத்தம் எத்தன தொப்பி வெச்சிருக்கீங்க?"

தொப்பி அப்போதும் அவர் தலையில்தான் இருந்தது.

சுகுமாறன் அதைக் கழற்றி முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டார். புஷ்பவல்லி மீனை வாங்கிக்கொண்டு உள்ளே போகும்போது குரலைத் தணித்துச் சொன்ன ஒரு வார்த்தைதான் அவரை உலுக்கியது.

"இப்படியே போச்சுன்னா இந்த ஞாயித்துக்கிழமை சமாச்சாரம் எங்க போய் நிக்கும்னு எனக்குப் பயமா இருக்கு."

சுகுமாறனைப் பற்றித் தெரியாதவர்களுக்கு: மேருவில் ரப்பர் கையுறைத் தொழிற்சாலையில் தரப் பரிசோதகர். வாரத்தில் ஆறு நாள் கையுறைகளுக்குள் காற்றடைத்து ஓட்டை தேடுவார். கண் அதற்கே பழகிவிட்டது. போன மழைக்காலத்தில் இரண்டு ஞாயிறு வீட்டோடு இருக்க நேர்ந்தபோது சட்டிபானைகளை எல்லாம் சன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

ஏழாவது நாள்தான் அவருடையது. விடிந்ததும் தூண்டிலும் மடக்கு நாற்காலியுமாகத் தஞ்சோங் ஹராப்பான் கடற்கரைக்குப் போய்விடுவார். கடலைப் பார்த்து உட்கார்ந்திருப்பார். யாரையும் எதையும் பரிசோதிக்க வேண்டாம். அந்த ஆறு மணி நேரத்துக்காகத்தான் மற்ற ஆறு நாளையும் ஓட்டினார்.

மீனா? அதைத்தான் யாரும் கேட்கக் கூடாது. வெறுங்கையோடு திரும்புவதைத் தூண்டில்காரர்கள் கும்பாவ் என்பார்கள். பதினாலு வருடத்தில் சுகுமாறன் கும்பாவ் ஆகாத நாள் நான்கு. அதில் ஒன்று நண்டு. அதுவும் தானாக ஏறி வந்தது. திரும்பும் வழியில் மீன்கடையில் ஒரு மீன் வாங்குவார். அதைப் பிடித்த கதையை 'தூண்டில் முரசு' என்ற மாதப் பத்திரிகையிலிருந்து எடுத்துக்கொள்வார். மீன் கடையுடையது, கதை பத்திரிகையுடையது. தொப்பி மட்டும் சொந்தம்.

மனைவிக்கு விசயம் தெரிந்தால் ஞாயிற்றுக்கிழமை பறிபோய்விடும். தெரியாமல் இருக்க வேண்டுமானால் பத்திரிகை ஒவ்வொரு மாதமும் புதிதாக ஏதாவது சொல்ல வேண்டும். பத்திரிகையோ பழைய பாட்டையே பாடிக்கொண்டிருந்தது.

அடுத்த சனிக்கிழமை அரை நாள் விடுப்புப் போட்டுவிட்டு, மூன்று பழைய இதழ்களைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, கொம்யூட்டர் ரயிலில் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸுக்குப் புறப்பட்டார்.

'தூண்டில் முரசு' அலுவலகம் ஒரு பூமாலைக் கடைக்கு மேல்மாடியில் இருந்தது. கடல் வாசனையை எதிர்பார்த்துப் படியேறியவருக்கு மல்லிகை வாசனைதான் வந்தது. உள்ளே கல்யாணப் பத்திரிகைகளும் கோயில் திருவிழா அழைப்பிதழ்களும் அடுக்கிக் கிடந்தன. அலுவலகத்தைத் தாங்குவது அவைதான். ஆட்கள் இரண்டே பேர். ஆசிரியர் குகன், முப்பது வயது, கண்ணாடி, பேருக்கு ஏற்ற வேலை என்று நினைத்தால் படகில் கால் வைத்ததே இல்லை. மூலையில் இராஜம்மா என்ற நடுவயதுப் பெண், இதழ்களை மடித்து முகவரி ஒட்டிக்கொண்டிருந்தாள். தொலைபேசியும் அவள் பக்கத்தில்தான்.

சுகுமாறன் மூன்று இதழ்களையும் மேசையில் விரித்து வைத்து, வரி வரியாக விரல் வைத்துக் காட்டினார். சியாக்காப் கட்டுரையும் கொடுவா கட்டுரையும் மீன் பெயரைத் தவிர எழுத்துப் பிசகாமல் ஒன்றாக இருந்தன. 'எந்த ராசிக்கு எந்த மீன்' பக்கத்தில் போன மாதம் மேஷத்துக்குச் சொன்னதை இந்த மாதம் ரிஷபத்துக்குத் தள்ளியிருந்தார்கள்.

"தம்பி, நான் தொடர்ந்து படிக்கிற வாசகன். இதுல புதுசா என்ன இருக்கு, சொல்லுங்க."

இராஜம்மா தலையை நிமிர்த்தி அவரை ஒரு தரம் நன்றாகப் பார்த்தாள். பிறகு முகவரி ஒட்டப் போய்விட்டாள்.

குகன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். "அங்கிள், மீனு மாறல. கடலு மாறல. தூண்டில் முள்ளும் அதே வளைவுதான். நான் புதுசுக்கு எங்க போறது?"

"அதுக்காக ஒரே கட்டுரையா?"

"கட்டுரை மட்டுமில்ல அங்கிள், மீனும் ஒண்ணுதான். நம்ம சியாக்காப்தான் தமிழ்நாட்டுல கொடுவா. போன்ல தேடிப் பார்த்தேன். பேர மாத்திப் போட்டா புதுசா தெரியும்லா."

சுகுமாறன் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார். பாசாரில் முப்பது வருடமாக மீன் வாங்கும் மனைவியிடம், ஒரே மீனைச் சோம்பேறி என்றும் யோசிக்கிற மீன் என்றும் பிரித்து விளக்கியது காதில் திரும்ப ஒலித்தது.

பத்திரிகையில் உடனே புதிதாக ஏதாவது வந்தாக வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார். குகன் கையைக் கூப்பினான். எழுத ஆள் இல்லை, பதினாலு வருடம் கடற்கரையில் உட்கார்ந்தவர் நீங்கள், உங்கள் அனுபவத்தையே எழுதிக் கொடுங்கள் என்றான். அனுபவம் இல்லை என்று சுகுமாறனால் எப்படிச் சொல்ல முடியும்? ஒப்புக்கொண்டு படியிறங்கினார்.

எழுத உட்கார்ந்தபோது மிகவும் சாமர்த்தியமாக யோசித்தார். இடம், யாரும் போய்ப் பார்க்காத தூரத்தில் இருக்க வேண்டும். கோலாலம்பூருக்கு அந்தப் பக்கம், அம்பாங்கில், ஈயம் தோண்டிய பழைய குளம் ஒன்று என்று வைத்தார். அங்கே குளம் இருக்கிறதா என்பது அவருக்குத் தெரியாது.

மீனுக்குக் குகன் சொன்ன தந்திரத்தையே பிடித்துக்கொண்டார். தமிழ்நாட்டுப் பெயர் வைத்தால் புதிது. சாப்பாட்டுக் கடையில் அந்த ஊர்ப் பையன்கள் வஞ்சிரம், வஞ்சிரம் என்று பேசிக்கொண்டது ஞாபகம் வந்தது. பெயரிலேயே ஒரு வஞ்சம் இருப்பதாக அவருக்குப் பட்டது. அது என்ன மீன் என்று பார்க்கவில்லை.

வஞ்சிரம் குளத்தின் அடிச்சேற்றில் பதுங்கிக் கிடக்கும். உச்சி வெயிலுக்கு மட்டும் மேலே வரும். மூக்கைத் துளைக்கும் டூரியான் பழத்தின் ஊறவைத்த கொட்டையைத் தவிர வேறு இரையைத் தொடாது என்று எழுதினார். தொப்பியை இந்த முறை தொடவில்லை. மூக்குக்கண்ணாடி தண்ணீரில் விழுந்தது.

வஞ்சிரம் என்றால் என்ன என்று குகனும் கேட்கவில்லை. ஆசிரியரே கேட்டால் ஆசிரியருக்குத் தெரியாது என்று ஆகிவிடும். அட்டையில் 'புத்தம் புதிது' என்று போட்டு, சுகுமாறனின் படத்தையும் வீட்டு முகவரியையும் போன் நம்பரையும் சேர்த்து அச்சேற்றிவிட்டான்.

புஷ்பவல்லி கட்டுரையை இரண்டு முறை படித்தாள். அன்று சம்பலில் நெத்திலி கொஞ்சம் கூடுதலாக இருந்தது. பிழைத்தோம் என்று சுகுமாறன் நினைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வாசலில் ஏழு கார் நின்றது.

சுங்கை பூலோவிலிருந்து இரண்டு, பந்திங்கிலிருந்து ஒன்று, மிச்சம் உள்ளூர். எல்லார் கையிலும் தூண்டில். எல்லா டப்பாவிலும் ஊறவைத்த டூரியான் கொட்டை. வாசனையில் எங்கள் வரிசையே விழித்துக்கொண்டது. குகன் கேமராவோடு வந்திருந்தான். பிரிக்பீல்ட்ஸ் உணவகம் ஒன்றில் சமையல் வேலைக்குத் தூத்துக்குடியிலிருந்து வந்திருந்த ஜாபர் அலி, விடுமுறையை மாற்றிப் போட்டுக்கொண்டு வந்திருந்தார்.

சுகுமாறன் கால்வலி என்று படுத்துப் பார்த்தார். புஷ்பவல்லி விடவில்லை. வந்தவர்களுக்கெல்லாம் தேநீர் கொடுத்து, நாசி லெமாக் பொட்டலம் கட்டி, மகள் வாணியிடம் கார்ச் சாவியை நீட்டினாள். வாணி ஒரு கிளினிக்கில் மருந்து கொடுக்கும் பிரிவில் வேலை செய்பவள். அன்றுதான் அவளுக்கும் ஓய்வு. முணுமுணுத்துக்கொண்டே வண்டியை எடுத்தாள்.

"நல்லா சுத்திக் காட்டுங்க. அவசரப்பட்டு வந்துடாதீங்க," என்று புஷ்பவல்லி கணவருக்குக் கையாட்டினாள்.

அம்பாங்கில் குளம் ஒன்று இருந்தது. அதைப் பார்த்து அதிகம் ஆச்சரியப்பட்டவர் சுகுமாறன்தான். சுற்றிலும் நடைபாதை, நடப்பவர்கள், மீன் பிடிக்கத் தடை என்ற பெரிய பலகை. தூண்டில்காரர்கள் பலகைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து டப்பாக்களைத் திறந்தார்கள். ஐந்து நிமிடத்தில் நடப்பவர்கள் ஓடத் தொடங்கினார்கள்.

ஜாபர் அலி மட்டும் தூண்டிலைப் போடவில்லை. குளத்தைப் பார்த்தார், சுகுமாறனைப் பார்த்தார். ரொம்பப் பணிவாகத்தான் கேட்டார்.

"அண்ணே, எங்க நாட்டுல வஞ்சிரம் நடுக்கடல்ல ஓடுற மீனு. இங்க பாசார்ல தெங்கிரின்னு வெச்சிருக்காங்களே, அதுதான். அது குளத்துல எப்படிண்ணே?"

அவ்வளவு பேரும் தூண்டிலைத் தாழ்த்தினார்கள். தெங்கிரிக் குழம்பு சாப்பிடாதவர் கிள்ளான் பள்ளத்தாக்கில் யார்? வாணி மெதுவாக அப்பாவின் பக்கம் திரும்பினாள்.

சுகுமாறன் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அதான் புதுசு," என்றார்.

அதற்குப் பிறகு யார் என்ன பேசியிருப்பார்கள் என்பது தெரியாமலே போயிற்று. காவலாளி விசில் ஊதிக்கொண்டு வந்துவிட்டார். ஆளுக்கு ஒரு பக்கம் ஓட, அதையும் படம் எடுக்க வேண்டும் என்று பின்னால் பின்னால் நகர்ந்த குகன் குளத்துக்குள் போய்விட்டான். வாணிதான் பக்கத்தில் கிடந்த பெரிய மீன்வலையைத் தலையோடு மாட்டி அவனை இழுத்துக் கரையில் போட்டாள். அன்று அந்தக் குளத்திலிருந்து ஏறியது அது ஒன்றுதான். எடை அறுபது கிலோ இருக்கும்.

வீடு திரும்பும்போது துண்டைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்த குகனிடமும், வண்டி ஓட்டிய வாணியிடமும் சுகுமாறன் அம்பாங்கிலிருந்து கிள்ளான் வரை கெஞ்சிக்கொண்டு வந்தார். அம்மாவுக்கு எதுவும் தெரியக் கூடாது. இருவரும் தலையாட்டினார்கள். ஒருவரையொருவர் பார்த்துத் தலையாட்டியதை அவர் கவனிக்கவில்லை.

அடுத்த இதழில் திருத்தம் போட வேண்டும் என்று குகன் வீட்டுக்கு வந்தான். வஞ்சிரம் என்று வந்தது அச்சுப்பிழை என்று முதலில் எழுதினார்கள். அது போதவில்லை. குளம் என்று வந்ததும் அச்சுப்பிழை. அம்பாங்கும் அச்சுப்பிழை. மூன்று வரித் திருத்தத்தைத் தயாரிக்கக் குகன் ஒன்பது முறை வந்தான். அதில் ஏழு முறை சுகுமாறன் வீட்டில் இல்லை.

எட்டு மாதத்தில் வாணிக்கும் அவனுக்கும் கல்யாணம். காலையில் கோயிலில் தாலி, மறுநாள் கிள்ளான் மண்டபத்தில் விருந்து. ஜாபர் அலி லீவு போட்டு வந்து தெங்கிரிக் குழம்பு வைத்தார். பெண்ணும் மாப்பிள்ளையும் சுங்கை பூலோவுக்குக் குடிபோவதாக ஏற்பாடு.

எல்லாரும் சிரித்துக்கொண்டிருந்த இடத்தில் சுகுமாறனுக்கு மட்டும் சோறு இறங்கவில்லை. ரகசியம் இப்போது மாப்பிள்ளையாகி வீட்டுக்குள்ளேயே வந்துவிட்டது. மாப்பிள்ளை சொல்லாவிட்டாலும் அவன் அலுவலகம் சொல்லிவிடும். கைகழுவும் இடத்தில் இராஜம்மாவைத் தனியாகப் பிடித்தார்.

"அம்மா, ஒரு உதவி. எனக்கு மீனே மாட்டுறதில்ல, கதையெல்லாம் பத்திரிகையில படிச்சதுன்னு என் சம்சாரத்துக்குத் தெரிஞ்சா ஞாயித்துக்கிழமை போச்சு. பத்திரிகையில புதுசா ஒண்ணுமில்லன்னு நான் வந்து சண்டை போட்டதையும் அவகிட்ட சொல்லிடாதீங்க."

இராஜம்மா கையை உதறிக்கொண்டு அவரை அன்றைக்குப் பார்த்ததுபோலவே நன்றாகப் பார்த்தாள்.

"இத்தன வருசத்துல புதுசு கேட்டு வந்த மொத ஆம்பள நீங்கதான் அங்கிள், மாசாமாசம் போன் போட்டு, 'புதுசா ஏதாச்சும் போடுங்கலா, சலிச்சுப் போய் இந்த மனுசன் ஞாயித்துக்கிழமை வீட்டுல உக்காந்துடப் போறாரு'ன்னு அழுவுறதெல்லாம் ஆன்டிங்கதான், அதுல மொத போன் எப்பவும் உங்க வீட்டு ஆன்டியோடது."