காவலுக்கு இருந்ததைக் கழித்துக்கட்டிய படலம்

பிறப்புச் சான்றிதழ் அலுவலகத்தின் பன்னிரண்டு லினக்ஸ் சர்வர்களுக்கும் காவலாக ஒரு மென்பொருள் இருந்தது. விசிறி நின்றாலோ, டிஸ்க் பழுதானாலோ உடனே இயக்குநருக்கு மின்னஞ்சல் அனுப்பும். அதற்கு வயதாகிவிட்டது, புது டிஸ்க்குகளை அடையாளம் தெரியவில்லை. பழையதை நீக்கிவிட்டுப் புதிய பதிப்பைப் போட வேண்டும், அரை மணி நேர வேலை என்று சர்வர்களைப் பார்த்துக்கொள்ளும் பொறியாளர் பணிவுடன் எழுதிக் கொடுத்தாள்.

எழுதிக் கொடுத்ததுதான் வினை. அது கோப்பாகிவிட்டது.

"நீக்கணும்னா கழிவுப் பொருள் விதிம்மா. கொண்டுவந்து ஒப்படைங்க," என்றார் ஸ்டோர்க்காரர். "எடை எவ்வளவு?"

"எடையே கிடையாது சார். கண்ணுக்கும் தெரியாது."

"அப்ப இத்தனை நாள் இருந்துச்சுன்னு எப்படி நம்புறது?"

மூன்று வார ஆலோசனைக்குப் பின், மென்பொருளைப் பென்டிரைவில் போட்டு, உறையிலிட்டு, தராசில் வைத்தார்கள். இருபத்தொரு கிராம். ரசீதும் கொடுத்தார் ஸ்டோர்க்காரர். ஒப்படைத்த பொருளை மேலும் பயன்படுத்துவது குற்றமாம், அன்றே நீக்கினாள். புதியதைப் போட உட்கார்ந்தபோது, "நிறுவுறது வேற பிரிவு," என்று கையைப் பிடிக்காத குறையாகத் தடுத்துவிட்டார்கள்.

ஒரு வாரம் கழித்து இயக்குநர் கூப்பிட்டார். முகமெல்லாம் பல்.

"தினம் நாலு எச்சரிக்கை வரும். இப்ப ஒண்ணுகூட இல்ல! எப்படிம்மா சாதிச்சீங்க?"

"பழுது இல்லாம இல்ல சார். சொல்றதுக்குத்தான் ஆளில்ல."

"என்ன தன்னடக்கம்!" என்று பாராட்டுக் கடிதத்தில் கையெழுத்திட்டார்.

'எச்சரிக்கையற்ற அலுவலகம்' என்ற புது மோகம் ஊரெங்கும் பரவியது. பக்கத்து அலுவலகத்தார் வந்து பார்த்து மெய்சிலிர்த்து, திரும்பிப் போனதும் தங்கள் தீயணைப்பு மணியைக் கழற்றினார்கள். பொறியாளரோ காலையும் மாலையும், காய்ச்சல்காரப் பிள்ளையின் நெற்றியைத் தொடுவதுபோல, ஒவ்வொரு சர்வரின் முதுகையும் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நாற்பதாம் நாள் காலை மூன்றாவது சர்வர் உயிரை விட்டது.

வரிசையில் இடுப்பில் குழந்தையோடு ஒரு தாய். "பள்ளியில சேர்க்க நாளை மறுநாள்தாங்க கடைசி."

கவுன்டர்க்காரர் திரையை உற்றுப் பார்த்தார். "உங்க பிள்ளை இன்னும் பிறக்கலையேம்மா."

பிறக்காத பிள்ளை அவருடைய பேனாவைப் பிடுங்கிக் கடித்தது.

இரண்டு நாள் வீட்டுக்குப் போகாமல், பழைய நகல்களிலிருந்து பதிவுகளையெல்லாம் மீட்டாள் பொறியாளர். அந்தக் கலவரத்தில் புதிய பதிப்பைப் போடவும் அனுமதி கிடைத்தது. போட்ட ஒரு மணி நேரத்தில் அறுபத்தொரு எச்சரிக்கைகள் வந்து குவிந்தன. எல்லாம் நிஜப் பழுதுகள்.

விசாரணைக் குழு கூடிற்று. அறிக்கை சுருக்கமானது: 'மென்பொருள் இல்லாத நாற்பது நாளில் பதிவான எச்சரிக்கை: இல்லை. நிறுவிய ஒரு மணி நேரத்தில்: அறுபத்தொன்று. ஆகவே பழுதுகளுக்குக் காரணம் மென்பொருளே. உடனே நீக்கப்பட வேண்டும்.'

"சார், இது அநியாயம்," என்றாள் பொறியாளர்.

"அறிக்கையில கையெழுத்துப் போட இஷ்டமில்லைன்னா விடுங்க," என்றார் இயக்குநர் அன்போடு. "அறுபத்தொண்ணுக்கும் தனித்தனியா விளக்கம் எழுதிக் குடுங்க, போதும்."

இரண்டு நாள் தூங்காத கண்கள். கையெழுத்தைப் போட்டுவிட்டாள்.

வெளியே, ஒருவழியாகச் சான்றிதழ் வாங்கிய தாயிடம் குறைகேட்புப் புத்தகத்தை நீட்டினார்கள். எழுத எவ்வளவோ இருந்தது அவளுக்கு. ஆனால் வயிற்றில் அடுத்தது; அதற்கும் இங்கேதானே வர வேண்டும்!

'குறை ஒன்றுமில்லை' என்று முத்து முத்தாக எழுதிக் கொடுத்துவிட்டு நடந்தாள்.