எழுபத்திரண்டு கிலோ

ஐசக் ஒரு முடிவு எடுத்திருந்தார். என்ன ஆனாலும் சரி, தேவமணியைத் தானாகப் போய்க் கூப்பிடப்போவதில்லை. அவளாகவே வரவேண்டும். வந்து, பிக்கப்பின் இடது கதவைத் திறந்து ஏறி, "எடுங்க வண்டிய" என்று சொல்லவேண்டும். அதுவரை ஐசக் அசையமாட்டார்.

முதல் இரண்டு நாள் அது முடிவாகத்தான் இருந்தது. அதன்பிறகு வெறும் ஏக்கமாகிவிட்டது. ஆனால் ஊருக்கே சொல்லிவிட்ட முடிவை எந்த முகத்தோடு மாற்றுவது?

சண்டைக்குக் காரணம் டீசல். சூளகிரியில் கொத்தமல்லியும் புதினாவும் ஏற்றி ஓசூர் மார்க்கெட்டுக்கு ஓட்டுகிற அவருடைய டீசல் பிக்கப்புக்கு வயது பத்தொன்பது. புதிதில் லிட்டருக்குப் பதினைந்து கிலோமீட்டர் கொடுத்த வண்டி. இறங்கி இறங்கிப் பன்னிரண்டில் வந்து நின்றது. அந்தப் பதினைந்தை மறுபடி ஒருமுறை பார்த்துவிட வேண்டும் என்று ஐசக்குக்குத் தீராத ஆசை. தேவமணிக்கும் ஓர் ஆசை இருந்தது. "எனக்கும் ஓட்டக் கத்துக்குடுங்களேன்" என்று வருஷத்துக்கு நாலு முறை கேட்பாள். "பழைய வண்டி. என் காலுக்கு மட்டும்தான் அடங்கும்" என்பார் ஐசக். அவள் இடது சீட்டிலேயே உட்கார்ந்து மார்க்கெட்டுக்கு வந்து, பேரம் பேசி, போக வர "மெதுவா, மெதுவா" என்று கத்திக்கொண்டிருந்தாள்.

எடை குறைந்தால் மைலேஜ் ஏறும் என்று டீக்கடையில் யாரோ சொன்னார்கள். ஐசக் வண்டியில் இருந்ததை எல்லாம் கழற்றி மண்டித் தராசில் நிறுத்தார். ஸ்டெப்னி இருபத்திரண்டு கிலோ. ஜாக்கியும் ஸ்பானர் பெட்டியும் பதினொன்று. பின்பக்கத்து இரும்புக் கம்பி பதினெட்டு. எல்லாவற்றையும் வீட்டில் போட்டுவிட்டு ஓட்டிப் பார்த்தார். பன்னிரண்டரை. அப்போதுதான் அவருடைய பார்வை இடது சீட்டின் பக்கம் போனது.

"தேவு, இந்தத் தராசுல கொஞ்சம் ஏறி நில்லு."

"என்னாத்துக்கு?"

"சும்மா நில்லேன்."

பாவம், நின்றாள்.

"எழுபத்திரண்டு!" கொத்தமல்லிக் கட்டுக்கு ஏலம் கூவுகிற அதே குரலில் கூவினார். "மூணு ஸ்டெப்னிக்கு மேல! பாத்தியா? நீ எறங்கினா லிட்டருக்கு ஒன்னு ஏறும்."

மண்டியே சிரித்தது. தேவமணி இறங்கிச் செருப்பை மாட்டிக்கொண்டாள். "ஏறட்டும்" என்று ஒரே சொல்தான் சொன்னாள். மறுநாள் காலையில் ஜவளகிரியில் இருக்கும் மகள் வின்சி வீட்டுக்குப் பஸ் ஏறிவிட்டாள். பேத்திக்கு மூன்றாம் மாதம், பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்பது ஊருக்குச் சொன்ன காரணம்.

சனிக்கிழமை சாயங்காலம் டேங்கைத் தளும்ப நிரப்பி மைலேஜ் பார்ப்பது ஐசக்கின் வழக்கம். எழுபத்திரண்டு கிலோ இறங்கிய பிறகு வந்த முதல் சனிக்கிழமை, வண்டி பதினொன்று கொடுத்தது. ஐசக் இரண்டு தரம் வகுத்துப் பார்த்தார். பதினொன்றேதான். அன்றைக்கே தேவமணி போன் செய்தாள்.

"எவ்ளோ தருது?"

சாப்பிட்டீங்களா என்றுகூட ஒரு வார்த்தை இல்லை.

"பதிமூணு" என்றார் ஐசக். தான் இல்லாமலே வண்டி நன்றாக ஓடுகிறது என்று தெரிந்தால் எந்தப் பெண்டாட்டிக்குப் பொறுக்கும்? ரோஷத்தில் அடுத்த பஸ்ஸிலேயே வந்துவிடுவாள். அதுதான் அவருடைய திட்டம்.

"ஸ்தோத்திரம்" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாள்.

அடுத்த வாரம் வண்டி கொடுத்தது பத்து. ஐசக் சொன்னது பதினாலு.

"இன்னும் ஏறுமாங்க?"

"ஏறிக்கிட்டேதான் போகும்! வண்டி காத்தாப் பறக்குது."

"அப்ப நான் இன்னும் கொஞ்ச நாள் இங்கயே இருக்கேன். நல்லாருக்கட்டும் வண்டி."

ஐசக் தன் வாயைத் தானே திட்டிக்கொண்டார்.

மூன்றாம் வாரம் ஒன்பதைத் தொட்டதும் மெக்கானிக் நல்லுசாமியிடம் வண்டியை விட்டார். நல்லுசாமி அரை நாள் குடைந்தார்.

"ஃபில்டர் சுத்தமா இருக்கு. இன்ஜெக்டர் சரியா இருக்கு. டயர்ல காத்து இருக்கு. வண்டியில ஒரு குறையும் இல்லீங்க."

"அப்ப டீசலை யாரு குடிக்கிறது? நானா?"

"வாங்க, ஒரு ரவுண்டு போய்ப் பாப்போம்."

ஹைவேயில் ஏறிய இரண்டாவது நிமிஷம் நல்லுசாமி கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். "எண்பத்தஞ்சுல போறீங்க! அக்கா கூட இருந்தப்ப அம்பதைத் தாண்ட மாட்டீங்களே?"

"அவ கத்துவா."

"கத்தினது நல்லதுக்குத்தான் போல. சரி, வண்டி நின்னா உடனே இன்ஜினை அணைக்கிறீங்களா?"

"அணைக்காம?"

அது பொய். சாயங்காலம் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்துவார். சாவியில் கை வைப்பார். அணைத்தால் வீடு அமைதியாக இருக்கும் என்று தெரியும். சமையலறையில் பாத்திரம் உருளாது. "கால் கழுவிட்டு வாங்க" என்று குரல் வராது. கையை எடுத்துவிடுவார். இன்ஜின் ஓடிக்கொண்டே இருக்கும், அவரும் அரை மணி, முக்கால் மணி உட்கார்ந்திருப்பார். இடது பக்கக் கதவுக் கண்ணாடி ஆடாமல் இருக்கத் தேவமணி மடித்துச் செருகிய அட்டை எப்போதோ விழுந்துவிட்டது. கண்ணாடி கடகடவென்று ஆடும். ஒருநாள் அட்டையை எடுத்துச் செருகினார். கடகட சத்தம் நின்றது. தாங்காமல் உடனே பிடுங்கிவிட்டார். அவளை மனசு தேடுகிறது என்றால் ஒரு போன் போட்டு வாயைத் திறந்து சொல்லித் தொலைக்கலாம். அதற்குத்தான் அந்த முடிவு குறுக்கே நின்றது.

நாலாவது சனிக்கிழமை தேவமணி புதிதாக ஒன்று கேட்டாள். "இனிமே பில்லையும் மீட்டரையும் போட்டோ எடுத்து அனுப்புங்க. மாப்பிள்ளைகிட்டக் காட்டணும்."

ஐசக் அசரவில்லை. ஓசூரில் லோடு இறக்கியதும் அப்படியே எல்லை தாண்டி, கர்நாடகப் பக்கத்தில் தன்னைத் தெரியாத ஒரு பெட்ரோல் பங்கில் பாதி டேங்கை நிரப்பினார். ஆள் அடையாளம் தெரியக்கூடாது என்று கன்னடத்திலேயே பேசினார். பில் வாங்கவில்லை. மீதியைச் சூளகிரியில் நிரப்பி, அந்தப் பில்லை மட்டும் அனுப்பினார். கணக்குப் போட்டால் பதினைந்து வந்தது. உண்மையில், எல்லைவரை போய்வந்தும் வாசலில் உறுமியும் தீர்ந்ததைச் சேர்த்தால் எட்டரைதான்.

ஏழாவது சனிக்கிழமை போன் வந்தது.

"மூணு வாரமாப் பதினஞ்சு! உங்க ஆசை நிறைவேறிடுச்சுங்க. இனிமே நான் அங்க வந்து என்னா பண்ணப்போறேன்? கிறிஸ்மஸ் வரைக்கும் இங்கயே இருந்துடறேன்."

கிறிஸ்மஸுக்கு இன்னும் ஐந்து மாதம் இருந்தது. மறுநாள் ஆராதனையில் பாஸ்டர் கடைசி ஜெபம் முடிக்கும் முன்பே ஐசக்கின் பிக்கப் ஜவளகிரி ரோட்டில் இருந்தது.

தேவமணி பேத்தியைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலில் நின்றாள். மருமகன் ஸ்டீவ் நாற்காலி எடுத்துப் போட்டான்.

"என்னாங்க இந்தப் பக்கம்?"

"இப்படிக்கா ஒரு லோடு வந்துச்சு."

"ஞாயித்துக்கிழமையா?" எட்டி வண்டியின் பின்பக்கத்தைப் பார்த்தாள். ஒரு கொத்தமல்லித் தழைகூட இல்லை.

"கிளம்பு. போலாம்" என்றார் ஐசக், தரையைப் பார்த்து.

"நான் ஏறினாப் பதினாலு ஆயிடுமே. வேணாங்க. பாவம் வண்டி."

ஐசக் மருமகனைப் பார்த்தார். ஸ்டீவ் மரியாதைக்கு முட்டைக்கோஸ் தோட்டத்தைப் பார்த்தான்.

"எட்டரை" என்று முணுமுணுத்தார்.

"என்னாது? காதுல விழல."

"எட்டரைதான் தருது!" மண்டியில் கூவிய அதே குரல். பேத்தி திடுக்கிட்டு அழுதது.

"தெரியும்" என்றாள் தேவமணி. "பக்கத்து வீட்டுப் பூவம்மாள் ரெண்டாவது வாரமே போன் பண்ணிட்டா. உங்க வூட்டுக்காரரு தினமும் வாசல்ல வண்டிய உறும விட்டுட்டு உள்ளயே உக்காந்திருக்காருன்னு. ஏங்க அப்படி உக்காந்திருந்தீங்க?"

"அணைச்சா வீடு சத்தமில்லாம இருக்கு, தேவு."

தேவமணி பேத்தியை வின்சியிடம் கொடுத்துவிட்டு உள்ளே போனாள். வரும்போது கையில் பை இருந்தது. ஏற்கெனவே கட்டி வைத்த பை.

"தெரிஞ்சும் ஏன் இத்தனை நாள் வரல?"

"எனக்கு இங்க ஒரு வேலை இருந்துச்சு. அது முடிய ஏழு வாரம் ஆச்சு. மைலேஜ் நல்லாருக்குன்னு நீங்களே சொன்னதால நிம்மதியா முடிச்சேன்." பையிலிருந்து ஓர் அட்டையை எடுத்து நீட்டினாள். தளியில் டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்து, டெஸ்டும் பாஸாகி வாங்கிய லைசென்ஸ். போட்டோவில் தராசில் நின்ற அன்றைக்கு இருந்த அதே முகம். "சாவியக் குடுங்க."

ஐசக் இடது சீட்டில் ஏறினார். பத்தொன்பது வருஷத்தில் முதல் முறை. தேவமணி நாற்பத்தைந்தைத் தாண்டவே இல்லை. கியர் சத்தமில்லாமல் விழுந்தது. வண்டி அவள் காலுக்கும் அடங்கியது. வளைவுகளில் "மெதுவா, மெதுவா" என்று ஐசக்தான் கத்தினார்.

காட்டு வழியில் யானைக் கூட்டம் ரோட்டைக் கடக்கிறது என்று வனக்காவலர்கள் கை காட்டி நிறுத்தினார்கள். தேவமணி உடனே இன்ஜினை அணைத்தாள். ஒரு சத்தமும் இல்லை. ஐசக் கீழே குனிந்து, தான் பிடுங்கிப் போட்ட அந்த மடித்த அட்டையைத் தேடி எடுத்துக் கதவுக் கண்ணாடியில் செருகினார். பக்கத்தில் அவள் மூச்சுவிடுவது கேட்டது. யானைகள் மெதுவாகவே போகட்டும் என்று நினைத்துக்கொண்டார்.

அந்த வாரம் முழுக்கத் தேவமணிதான் ஓட்டினாள். அடுத்த சனிக்கிழமை டேங்கை நிரப்பிக் கணக்குப் பார்த்தபோது வந்தது பதினைந்து. பொய் இல்லை, எல்லை தாண்டவில்லை, அசல் பதினைந்து. ஐசக்குக்குக் கண் கலங்கிவிட்டது.

"தேவு! பதினஞ்சு!"

தேவமணி வண்டியை நேராக மண்டிக்கு ஓட்டிப்போய்த் தராசுக்குப் பக்கத்தில் நிறுத்தினாள்.

"கொஞ்சம் ஏறி நில்லுங்க."

"என்னாத்துக்கு?"

"சும்மா நில்லுங்களேன்."

பாவம், நின்றார்.

"எண்பத்தாறு!" என்று மண்டி முழுக்கக் கேட்கக் கூவினாள் தேவமணி. "நீங்க எறங்கினா இன்னும் ஒன்னு ஏறும்."