காரில் ஸ்பீக்கர் கட்டிய கதை

சிலருக்குக் கை சும்மா இருந்தால் அரிக்கும். எனக்குக் கை, கால், தலை எல்லாமே அரிக்கும். கல்யாணத்துக்கு நாள் குறித்திருந்த நேரம். பொன்னேரியிலிருந்து பெண் செல்வியையும் அவள் அப்பா அம்மாவையும் சென்னைக்குப் புடவை எடுக்க அழைத்துப் போக வேண்டும். "பையன் ஒரு எடத்துல குந்த மாட்டானாமே" என்று நிச்சயத்தன்றே கேட்டவர் மாமனார். நான் நிதானமானவன் என்று அவருக்குக் காட்டக் கிடைத்த ஒரே வாய்ப்பு இது. நான் என்ன செய்தேன்? கிளம்பும் நாள் விடிந்ததும் விடியாததுமாக, என் பழைய காரில் ஆம்ப்ளிஃபயரும் பெரிய பாஸ் ஸ்பீக்கரும் மாட்ட உட்கார்ந்துவிட்டேன். (வீடியோ பார்த்திருந்தேன். அதையும் ஓட்டி ஓட்டித்தான்.)

வயரெல்லாம் சரியாகவே இணைத்தேன். ஆம்ப்ளிஃபயரை டிக்கியில் வைத்த ஸ்பீக்கர் பெட்டிமேல் கட்டத்தான் கயிறு இல்லை. கடை திறக்கும்வரை காத்திருப்பதா? நானா? சம்பந்தி வீட்டுக்கென்று என் நைனா கொடுத்த உயிர் நண்டுகள் அதே டிக்கியில் ஈரச் சாக்கில் இருந்தன. கொடுக்கைச் சேர்த்துக் கட்டிய நைலான் கயிறு, நல்ல உறுதி. சில நண்டுகளின் கயிற்றை உருவிக் காரியத்தை முடித்தேன். சாக்கு வாயைத்தான் முடிச்சுப் போட்டாயிற்றே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். (நண்டு பிடிக்கிற ஏரிக்கரையில் பிறந்தவன் பேசுகிற பேச்சா இது!) விரல்களைக் காப்பாற்றிக்கொண்டது ஒன்றுதான் அன்றைக்கு நான் ஒழுங்காகச் செய்த வேலை.

முன்சீட்டில் மாமனார், பின்னால் அத்தையும் செல்வியும் ஏறியதும் பாட்டைப் போட்டேன்.

"நடுநடுவுல கர்ரு கர்ருனு இன்னாப்பா சத்தம்?" என்றார் மாமனார்.

"பாஸ் மாமா. பெரிய ஸ்பீக்கர்னா அப்டித்தான் இருக்கும்."

ரயில்வே கேட் மூடியிருந்தது. பாட்டை நிறுத்தினேன். கர்ர்... கர்ர்...

மாமனார் மெல்லத் திரும்பினார். "பாட்டு நின்னுட்ச்சி. பாஸ் நிக்கலியே?"

சாக்கைக் கிழித்துக்கொண்டு வந்த ஒரு நண்டு, ஸ்பீக்கர் பெட்டியில் காற்றுக்காக வைத்த ஓட்டை வழியாக உள்ளே குடிபோயிருந்தது பிறகுதான் தெரிந்தது. அதற்குள் இன்னொன்று பின்சீட்டைத் தாண்டி வந்து அத்தையின் முந்தானையைக் கவ்விவிட்டது. அத்தை போட்ட அலறலுக்கு எந்த ஆம்ப்ளிஃபயரும் ஈடில்லை.

செல்வி பழவேற்காட்டு ஏரிக்கரையில் வளர்ந்தவள். நண்டைப் பின்பக்கமாகப் பிடித்துத் தூக்கிக்கொண்டு இறங்கினாள். கட்டக் கயிறு தேடி டிக்கியைத் திறந்தவள் அப்படியே நின்றாள்.

"நண்டு கட்ற கயிறு எதுக்கு இதும்மேல சுத்திக்கீது?"

"கடை தொறக்கல" என்றேன்.

மாமனாரும் இறங்கினார். "கடை தொறக்கிற வரிக்கும் பொறுக்காதவன் கைல பொண்ண எப்டிக் குடுக்கறது?"

கல்யாணம் அந்தக் கேட்டோடு நின்றுவிடும் என்றே நினைத்தேன். எனக்கு நிஜமாகவே கண் கலங்கிவிட்டது. செல்வி என்னைப் பார்த்தாள், நண்டைப் பார்த்தாள், சிரிக்க ஆரம்பித்தாள். அடக்கவே முடியவில்லை அவளால். சிரித்தபடியே அப்பாவிடம் சொன்னாள்.

"வா நைனா, ட்ரெயின்ல போலாம். முகூர்த்தப் பொடவய நாம எடுப்போம். இவரு நண்டுங்கள புட்ச்சிக்கினு இருக்கட்டும்."

கல்யாணம் நடந்தது. மைக் செட் பக்கம் நான் போகாமல் பார்த்துக்கொள்ள மாமனார் ஓர் ஆளையே நிறுத்தியிருந்தார். இப்போது வேறு கார், அதில் ரேடியோகூடக் கிடையாது. ஆனாலும் அத்தை ஏறினால், இரண்டு காலையும் சீட்டின்மேல் தூக்கிவைத்துச் சம்மணம் போட்டுக்கொள்வார்.

"கால கீழ வைங்க அத்தை, ஒண்ணும் இல்ல" என்பேன்.

"நீ வண்டிய ஓட்டுப்பா" என்பார்.