குப்பை தேடிய சங்கம்

உங்கள் தெருவிலும் அவர் இருப்பார். இல்லையென்றால் உங்கள் தெரு இன்னும் முழுதாகக் கட்டி முடியவில்லை என்று அர்த்தம். 'தெருவைத் திருத்துகிறவர்' என்று இந்த இனத்துக்குப் பெயர் வைத்திருக்கிறேன். வேறு நல்ல பெயர் தோன்றினால் நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.

அடையாளம் சொல்கிறேன். தெருவில் ஒரு வாழைப்பழத் தோல் கிடந்தால் நீங்களும் நானும் காலால் ஓரமாகத் தள்ளிவிட்டுப் போவோம். இவர் தள்ளமாட்டார். அதன் பக்கத்தில் நின்று, இடுப்பில் கை வைத்து, யாராவது வருகிறார்களா என்று பார்த்து, வருகிறவரை நிறுத்தி, அவரைவிட்டு இன்னொருவரைக் கூப்பிடச் சொல்லி, ஆள் சேர்ந்ததும் தொண்டையைச் செருமிக்கொண்டு, "இதுக்கு ஒரு விழிப்புணர்ச்சி வேணும்" என்பார். அதற்குள் தோலை ஆடு தின்றுவிட்டுப் போயிருக்கும். அவர் பேச்சு நிற்காது.

இன்னொரு அடையாளம், மஞ்சப்பை. எங்கள் தெருவில் எல்லோரும்தான் மஞ்சப்பையை மடித்து அக்குளில் இடுக்கிக்கொண்டு கடைக்குப் போகிறோம். இவர் மட்டும் அதை விரித்துத் தூக்கிப் பிடித்துக்கொண்டு போவார். நாங்கள் கொண்டுபோவது பை. அவர் கொண்டுபோவது கொள்கை.

எங்கள் தென்காசித் தெருவுக்கு வாய்த்தவர் குற்றாலிங்கம் அண்ணாச்சி. பம்பாயில் ரயில்வே அலுவலகத்தில் இருந்து, எண்பத்திரண்டாம் வருஷம் ஓய்வு பெற்றுத் தகப்பனார் வீட்டுக்கு வந்து சேர்ந்தார். வந்த சூட்டோடு சங்கம் பிறந்தது. தலைவர் அவர். நாங்கள் எல்லாம் உறுப்பினர்கள் என்பதை நோட்டீஸ் பார்த்துத் தெரிந்துகொண்டோம்.

திட்டம் இதுதான். வீட்டுக்கு இரண்டு வாளி. பச்சை வாளியில் அழுகுகிற குப்பை, சிவப்பு வாளியில் அழுகாத குப்பை. அழுகுவது தெருக்கோடியில் காலிமனையில் வெட்டியிருக்கும் உரக்குழிக்குப் போகும். அழுகாதது எங்கே போகும் என்பதை அடுத்த கூட்டத்தில் தீர்மானிப்பார்கள். வெளிநாட்டில் இப்படித்தானாம். வீட்டுக்கு வீடு நோட்டீஸ் வந்தது. மறந்துவிடுவோமோ என்று மறுபடியும் வந்தது.

வாளிகள் வந்தன. குப்பை வரவில்லை.

எப்படி வரும்? தேங்காய்ச் சிரட்டை வெந்நீர் அடுப்புக்குப் போகும். பேப்பரையும் பாட்டிலையும் சைக்கிளில் வரும் அப்துல் மஜீது எடைக்கு எடுத்துக்கொள்வார். பழைய ஜரிகைச் சேலை எவர்சில்வர் தூக்குச்சட்டியாகத் திரும்பி வரும், கிழிந்த வேட்டி கரித்துணியாகும், ஓட்டை வாளி துளசி வைக்க ஆகும், சீப்பில் வருகிற முடியைக்கூட எங்கள் பெண்கள் சுருட்டிச் சுவரிடுக்கில் செருகிச் சவுரிமுடி கட்டுகிறவனுக்கு வைத்திருப்பார்கள். காய்கறித் தோல், வடிகஞ்சி, அரிசி கழுவிய தண்ணீர் எல்லாம் முப்பிடாதியின் பசுவுக்கு. காலையும் மாலையும் அவள் சட்டியோடு வீடு வீடாக வந்து வாங்கிப் போவாள். ஆக, சிவப்பு வாளியில் கிடந்தது ஒன்றே ஒன்றுதான். சங்கத்தின் நோட்டீஸ்.

குற்றாலிங்கம் அண்ணாச்சி வாளி வாளியாக எட்டிப் பார்த்துவிட்டு மனம் உடைந்துபோனார்.

"பம்பாயில ஒரு வீட்டுக்கு ஒரு கூடை குப்பை வருது. இங்க ஒரு தெருவே சேந்து ஒரு கூடை போட முடியல. நாம எவ்வளவு பின்தங்கிக் கெடக்கோம், பாத்தியளா?"

இதோடு விட்டிருந்தால் நானும் சிரித்துவிட்டு இருந்திருப்பேன். ஆனால் உரக்குழியைத் திறந்து வைக்க மாவட்டத்திலிருந்து ஓர் அதிகாரி வருவதாகத் தகவல் வந்துவிட்டது. குழி காலியாக இருக்கலாமா? சங்கம் அவசரமாகக் கூடித் தீர்மானம் போட்டது: இனிமேல் தோலோ கஞ்சியோ பச்சை வாளியைத் தவிர வேறெங்கும் போகக்கூடாது.

முப்பிடாதிக்கு அந்த ஒரு பசுதான் வயலும் தோப்பும். புருஷன் போன பிறகு அதைக் கறந்துதான் வீட்டில் உலை கொதிக்கிறது. காலிச் சட்டியோடு அவள் தலைவர் வீட்டு வாசலில் வந்து நின்றபோது நானும் அங்கே இருந்தேன்.

"அண்ணாச்சி, எந்த வீட்டுக்குப் போனாலும் குழியக் காட்டுதாவ. மாடு என்னத்தைத் திங்கும்?"

"முப்பிடாதி, நீ ஒன் வீட்டுக்கு மட்டும் யோசிக்க. நான் சமுதாயத்துக்கு யோசிக்கேன்."

"சமுதாயத்துக்கு விடிஞ்சா பால் வேணும்லா?"

"அதுக்குத் தனியா ஒரு கூட்டம் போடுவோம்."

அவள் சட்டியைக் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டு போனாள். பசுவுக்குப் பால் வற்றத் தொடங்கியது. புண்ணாக்கு வாங்கிப் போட அவளிடம் ஏது? வழக்கமாக ஊற்றுகிற பாலில் பாதி ஊற்றினாள். மாட்டைச் சந்தைக்கு ஓட்டப் போகிறாள் என்று பேச்சு அடிபட்டது.

தலைவர் வீட்டுக்கும் பால் அவள்தான். ஒருநாள் காலையில் அவர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டுக் கத்தினார்.

"ஏட்டி ஆவுடை, இது காப்பியா, காவேரித் தண்ணியா?"

அவர் மனைவி ஆவுடையம்மாள் அடுக்களையிலிருந்தே பதில் சொன்னாள்: "அந்தக் குழியில போய்ப் பால் கறந்துட்டு வாங்க. திக்காப் போட்டுத் தாரேன்."

விழா நாள் வந்தது. எங்கள் பக்கம் அதிகாரிகளின் ஆய்வு எல்லாம் சாரல் அடித்து அருவி கொட்டும் காலத்தில்தான் வரும். சித்திரை வெயிலில் ஆய்வு செய்ய எங்களிடம் ஒன்றும் இருக்காதுபோல. அவர் குற்றாலத்தில் எண்ணெய் தேய்த்து ஐந்தருவியில் குளித்துவிட்டு, தலை ஈரம் காயாமல், நல்ல பசியோடு வந்து இறங்கினார். குழியில் பாதிக்குச் சாரல் தண்ணீர். அதனால் பச்சை வாளிகளைக் குழிக்கரையில் வரிசையாக அடுக்கி, முதல் வாளியை அதிகாரி கையால் கவிழ்ப்பது என்று ஏற்பாடு. மாலை கட்டிய நார், வடை மடித்த இலை, சோடா மூடி, வரவேற்பு நோட்டீஸ் என்று அன்றைக்குத்தான் எங்கள் தெருவில் முதல்முதலாகக் குப்பை என்று சொல்லத் தகுந்த ஒன்று சேர்ந்தது.

தலைவர் பேசிக்கொண்டே இருந்தார். சுற்றுப்புறச் சூழலில் தொடங்கிப் பம்பாய்க்கு வந்து சேர்ந்த நேரத்தில், கூட்டம் விலகி வழிவிட்டது. முப்பிடாதி பசுவைப் பிடித்துக்கொண்டு வந்தாள். விலா எலும்பு தெரிந்தது அதற்கு. நேரே முதல் வாளியில் தலையை விட்டது.

"ஏ முப்பிடாதி, என்ன இது? கூட்டம் நடக்குதுல்லா?"

"நடக்கட்டும் அண்ணாச்சி. நீங்க பேசுங்க, அது திங்கட்டும். இன்னைக்கும் வயிறு நெறையலன்னா நாளைக்கு இது இங்கன நிக்காது. சந்தையிலதான் நிக்கும்."

அவள் கயிற்றைத் தளர்த்திவிட்டாள். பசு முதல் வாளியை முடித்து இரண்டாவதற்கு நகர்ந்தது. யாரும் விரட்டவில்லை. பெண்கள் பக்கத்திலிருந்து ஆவுடையம்மாள் எழுந்து வந்து, தன் வீட்டு வாளியை அதன் வாய்க்கு எட்டும்படி நகர்த்தி வைத்துவிட்டுப் போய் உட்கார்ந்தாள்.

அதிகாரி ஆர்வமாகப் பார்த்தார்.

"அட, இது நல்லாருக்கே. குழி வேண்டாம், நாத்தம் இல்ல, சாணி வேற கிடைக்கும். யாரு யோசனை இது?"

முப்பிடாதி வாயைத் திறந்தாள். அதற்குள் தலைவர் மைக்கைப் பிடித்துவிட்டார்.

"சங்கத்தோட யோசனைதான் சார். இது ரெண்டாங் கட்டம்."

கைதட்டல். அதிகாரி சாப்பிடப் போனார். பசு எல்லா வாளியையும் காலி செய்தது. நோட்டீஸை மட்டும் மோந்து பார்த்துவிட்டு ஒதுக்கியது. அதை அப்துல் மஜீது எடைக்கு எடுத்துக்கொண்டார்.

இப்போது எங்கள் தெருவில் ரெண்டாங் கட்டம் நடக்கிறது. அதாவது, தோலும் கஞ்சியும் முன்பு போலவே முப்பிடாதியின் பசுவுக்குப் போகின்றன. பால் திரும்பிவிட்டது. தொழுவத்தில் சங்கத்தின் பெயரெழுதிய தகரப் பலகை தொங்குகிறது. வெளியூரிலிருந்து யாராவது வந்தால் தலைவர் அங்கே கூட்டிக்கொண்டு போய், தாம் இந்தத் திட்டத்தைக் கண்டுபிடித்த கதையைச் சொல்வார். முப்பிடாதி பால் கறக்கச் செம்போடு காத்திருந்து பார்த்துவிட்டு, "பேசி முடிச்சாச்சுன்னா கொஞ்சம் தள்ளுங்க அண்ணாச்சி. மாடு முட்டும்" என்பாள்.

இதை எழுதி முடித்ததும் முதலில் தலைவருக்குத்தான் படித்துக் காட்டினேன். பெயரை மாற்றித்தான். வயிறு குலுங்கச் சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இப்படியாப்பட்ட ஆளுக ஊருக்கு ஊரு இருக்கானுவ. இதை நோட்டீஸா அடிச்சு வீடு வீடாக் குடுக்கணும்" என்றார்.

நீங்களும் சிரித்தீர்களா? படிக்கும்போதே தெரிந்த ஒருவர் முகம் கண்ணில் பட்டதா? அவரிடம் இதைக் கொடுத்துப் படிக்கச் சொல்ல வேண்டும் என்று தோன்றியதா? அப்படியானால் கொடுப்பதற்கு முன்னால், உங்கள் தெருவில் உங்களால் யாருடைய மாடாவது பட்டினி கிடக்கிறதா என்று ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டு வந்துவிடுங்கள்.